உதடு மட்டும் அசைந்த படம்

தன் புருஷனும் கொழுந்தனும் சேர்ந்துகொண்டு தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று செக்கரம்மா ஒரு சாயங்கால வேளையில் முடிவு கட்டினாள். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனவள், வழியில், மேல் வீட்டில் குடியிருந்த கொழுந்தனின் கூடத்தை எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் முன்னால் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இவள் நிழல் தரையில் விழுந்ததுதான் தாமதம், திரையில் இருந்த படம் சட்டென்று மறைந்து அந்த இடத்தில் ஒரு மலைக்காட்சி வந்து நின்றது. கொழுந்தன் அசடு வழியச் சிரித்தான். புருஷன் சிரிக்கக்கூட இல்லை, கழுத்தில் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அவளுக்கு அவ்வளவு போதும்.

செக்கரம்மா என்பது வீட்டார் வைத்த பெயர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, தையல் போன வழியெல்லாம் விரலை ஓட்டி, எங்கே நூல் விட்டுப்போயிருக்கிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறையே இல்லாத சட்டை கையில் வந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் சும்மா இருக்காது. காய்கறிக்காரரின் தராசு, மருந்துக்கடையில் கிழித்துக் கொடுக்கும் மாத்திரை அட்டை, சொந்தக்காரர்களின் நலம் விசாரிப்பு என்று எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அதிலும் முழுசாக நம்பிவிடுவாள் என்று சொல்வதற்கில்லை.

அவள் புருஷனை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். "பிரேக்கு!" என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் பயிற்சி வண்டியோடு சேர்ந்து பக்கத்தில் போகிற வண்டியும் நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், ஆளைக் காப்பாற்றலாம், குரலைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "அதுக்கு முன்னாடி அவர் பேசறதை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கங்க. பின்னாடி கேக்கணும்போல இருக்கும்."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் கொழுந்தன் கேமராவும் கையுமாக இறங்கி வந்தான். கடைகளிலும் வீடுகளிலும் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவன் தொழில். ஊராரின் சந்தேகத்தில் வயிறு வளர்க்கிறவன் என்று செக்கரம்மா அவனைக் கேலி செய்வாள். அண்ணன் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டு, கேமராவை எதிர்ச் சுவரோரமாக நிறுத்தினான். செக்கரம்மாவும் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமல், "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார். கேமராவை ஓடவிட்டதும் தம்பியையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். தெருவையே கூட்டுகிற மனுஷர் அன்றைக்கென்று பார்த்து குசுகுசுவென்று பேசினார். ஃபேன் சத்தத்துக்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாஸ்டர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். கழுத்தில் துளை, அதன்மேல் துணி, கையில் எழுதித் துடைக்கும் சின்னப் பலகை. டிரைவிங் ஸ்கூலை இன்னொரு பயிற்சியாளர் பார்த்துக்கொண்டார். ஒருநாள் யாரோ சொந்தக்காரர் போனில் பழைய வீடியோவைப் போட, ஏதோ கல்யாணக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து மாஸ்டரின் அதட்டல் ஒன்று கேட்டது. மாஸ்டர் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு கீழ் வீட்டிலும் மேல் வீட்டிலும் அவர் குரலை யாரும் போடுவதில்லை. டிவியைக்கூடச் சத்தம் குறைத்தே வைத்தார்கள்.

"அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு என்னங்க பேசினீங்க?" என்று அவள் கேட்டால், பலகையில் "அப்புறம்" என்று எழுதுவார். மறுபடி கேட்டால் அதையே அடிக்கோடு போட்டுக் காட்டுவார். கொழுந்தனைக் கேட்டால், "எடிட்டிங் முடியட்டும் அண்ணி" என்பான். தணிக்கை நடக்கிற மாதிரி அப்படி என்ன எடிட்டிங்? ஒரு மனுஷன் பெண்டாட்டியை வெளியே அனுப்பிவிட்டுக் கேமராவிடம் என்னதான் பேசுவான்? டிரைவிங் ஸ்கூலைத் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்திருப்பாரோ என்று முதலில் தோன்றியது. பிறகு, லைசென்ஸ் வாங்கவே மனசில்லாதவள்போல மாதக்கணக்கில் கிளாஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு டீச்சரம்மாவின் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் வந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

இத்தனைக்கும் உள்ளூர அவள் ஏங்கியது ரகசியத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் குரல் அவளுக்கு வேண்டும். கரகரப்போ முணுமுணுப்போ, முழுசாக நாலு வார்த்தை அவர் வாயால் கேட்க வேண்டும். அந்த அறையில் எடுத்த படத்தைத் தவிர அது வேறெங்கும் கிடையாது. அதைத்தான் இரண்டு பேரும் மலைக்காட்சியைப் போட்டு மூடுகிறார்கள்.

மலைக்காட்சியைப் பார்த்த மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. மாஸ்டர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார், கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தான். செக்கரம்மா மாடி ஏறினாள். அவளுடைய ஓர்ப்படி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த கம்ப்யூட்டரைக் கொஞ்சம் போடு" என்றாள் செக்கரம்மா.

"ஐயோ அக்கா, அவர் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

"உன்னையா, என்னையா?"

ஓர்ப்படி ஒரு நொடி யோசித்தாள். "என்னைத்தான் சொன்னார்" என்று சொல்லிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். அவளுக்கும் உள்ளே ஆசை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

படம் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தது. செக்கரம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் துண்டைத் திறந்தாள். "ஓடுது அண்ணா, பேசுங்க" என்று கொழுந்தன் குரல் கணீரென்று கேட்டது. கதவு சாத்துகிற சத்தம், ஃபேன் சத்தம், தெருவில் போன ஒரு ஹாரன், எல்லாம் கேட்டன. திரையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், உதடு அசைந்தது. குரல் மட்டும் வரவில்லை. காதை எவ்வளவு தீட்டினாலும் போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலத்தான் இருந்தது, அதையும் ஃபேன் விழுங்கிக்கொண்டது. பேசி முடித்ததும், வண்டியை நிறுத்தச் சொல்லி மாணவர்களுக்குக் காட்டுவாரே, அப்படி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். துண்டு முடிந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. உதடு அசையும், கை உயரும், முடியும்.

சத்தம் போயிருந்தால் எல்லாச் சத்தமும் போயிருக்க வேண்டாமா? ஹாரன் இருக்கிறது, கதவு இருக்கிறது, கொழுந்தன் இருக்கிறான். அவர் குரலை மட்டும், சட்டையிலிருந்து ஒரே ஒரு நூலை உருவுகிற மாதிரி உருவியிருக்கிறார்கள்.

"முதல்ல எடுத்த படம் எங்க?" என்றாள்.

"அது பெரிய பெரிய ஃபைலாம் அக்கா. அதை இந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் எடுத்துக்கலைன்னு வேற மாதிரி மாத்தினார். மாத்தினதும் இடம் பத்தலைன்னு பழசை அழிச்சிட்டார். கேமராவுல கார்டு மட்டும் அப்படியே இருக்கு. நாளைக்கு அவர் சிநேகிதர் கேமராவைக் கேட்டிருக்கார், அதுக்குள்ள அதையும் அழிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தார்."

தடயத்தைத் துடைக்கிறான்! "தொண்டை வறளுது, ஒரு வாய் தண்ணி கொடேன்" என்றாள் செக்கரம்மா. ஓர்ப்படி உள்ளே போன சமயம் பார்த்து அலமாரியில் இருந்த கேமராவின் மூடியைத் திறந்து, கார்டை உருவிப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள். வந்த தண்ணீரை மரியாதைக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் படி இறங்கினாள்.

நேரே கொழுந்தனின் சின்னப் பட்டறைக்குப் போனாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வாசல், ஏதோ ஒரு கல்லாப்பெட்டி. எல்லாத் திரைகளும் ஊமையாக ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த ஒயரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"என்னாச்சு அண்ணி? அண்ணனுக்கு ஏதாவது...?"

"அண்ணன் நல்லாத்தான் இருக்கார். அவர் குரலை எங்க தம்பி வெச்சிருக்கே?"

"என்ன குரல்?"

"நடிக்காத. படத்தைப் பார்த்துட்டேன். உன் குரல் கேக்குது, தெருவுல போறவன் ஹாரன் கேக்குது. அவர் பேசினதை மட்டும் அழிச்சிருக்கே. எனக்குத் தெரியக்கூடாதுன்னு என்ன சொன்னார்? யாரைப் பத்திச் சொன்னார்?"

"அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல."

"கேக்காமத்தான் வெட்டினியா?"

"ஆமா. 'நீ கேக்காத, என் கையைப் பாத்து வெட்டு'ன்னு அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டார். ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் கையைத் தூக்கியிருப்பார். அதை வெச்சு வெட்டினேன். அதுவுமில்லாம அவர் பக்கத்துலயே உக்காந்திருக்கார், சத்தத்தை எப்படி வெப்பேன்? அன்னைக்குக் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டது உங்களுக்கே தெரியுமே. அதனால சத்தத்தை மூடிட்டுத்தான் மொத்த வேலையும் பார்த்தேன்."

சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "குரல் இல்லையா? நிஜமாவே இல்லையா?"

"ஃபேன்தான் பேசுது."

அவன் போனை எடுத்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "கேமராவுல கார்டு இருக்கா பாரு. மூடியைத் திற... அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்... இல்லையா? நல்லாப் பாரு!" ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். "போச்சு அண்ணி. பழசை நானே என் கையால அழிச்சேன். கார்டும் இல்ல. அண்ணனுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?" கல்யாணமான ஆம்பளை, அத்தனை திரைகளுக்கு நடுவே முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினான்.

செக்கரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறவனைச் சும்மா விட்டாளா? இல்லை. தோள் குலுங்குவது நிஜமா, கண்ணில் தண்ணீர் வருகிறதா, விரலிடுக்கு வழியாகத் தன்னை நோட்டம் விடுகிறானா என்று தையல் தையலாகச் சோதித்தாள். எங்கேயும் நூல் விட்டுப்போகவில்லை. அதன் பிறகுதான் பர்ஸைத் திறந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமும் அதுதான். ஆனால் அவன் அந்தக் கார்டை இரண்டு கையாலும் பொத்தி எடுத்துக்கொண்டு, "நல்லவேளை நீங்க என்னை நம்பலை" என்றான்.

பட்டறையைப் பூட்டிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் செக்கரம்மா முதல் உத்தரவு போட்டாள். "கார்டுல இருக்கறதை முதல்ல இன்னொரு இடத்துல அப்படியே பிரதி எடு. அப்புறம் எதையாவது தொடு." அவன் எடுத்தான். அந்த மூல ஃபைலைத் திறந்து ஓடவிட்டான். அதிலும் ஃபேன்தான் பேசியது. அவள் அவன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"அப்படிப் பார்க்காதீங்க அண்ணி!" என்றவன் எதையெதையோ தட்டித் திறந்து, ஓரிடத்தில் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "இந்தக் கேமரா சத்தத்தை ரெண்டு வரியா எழுதுது. கேமரா தலையில இருக்கற மைக் ஒரு வரி, அண்ணன் காலர்ல குத்தினது இன்னொரு வரி. சும்மா ஓடவிட்டா முதல் வரிதான் கேக்கும். நான் மாத்தும்போது மாத்தற சாஃப்ட்வேரும் முதல் வரியை மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டாவதை விட்டுட்டு வந்திருக்கு."

"விட்டுட்டு வரேன்னு உன்கிட்ட சொல்லுச்சா?"

"இல்லையே. வெற்றிகரமா முடிஞ்சதுன்னுதான் சொல்லிச்சு."

"அப்படிச் சொல்றவங்களைத்தான் நான் நம்பறதே இல்ல" என்றாள் செக்கரம்மா.

அவன் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தான். ஃபேன் சத்தம் அடங்கியது. ஒரு கனைப்பு கேட்டது.

அது அவருடைய கனைப்பு. காலையில் பல் தேய்த்துவிட்டு வரும்போது கனைப்பாரே, அதே கனைப்பு. செக்கரம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓர்ப்படி பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் நின்றது. கொழுந்தன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், தெருவில் என்னவோ பார்ப்பது போல நின்றுகொண்டான்.

"செக்கரம்மா" என்றது கரகரத்த அந்தக் குரல். "இதை நானேதான் உனக்குப் போட்டுக் காட்டுவேன். நாளைக்கப்புறம் நான் வெளிய போயிட்டு வந்து கதவைத் தட்டினா நீ யாருன்னு கேப்பே. நான் என்ன சொல்லுவேன்? பதில் வரலைன்னா நீ திறக்க மாட்டே. திறக்கவும் கூடாது, அது நல்ல பழக்கம், மாத்திக்காத. அதனால என் குரலைப் போன்ல வெச்சுக்கப் போறேன். சரி, எவனாவது போனைத் திருடிக்கிட்டு வந்து வாசல்ல போட்டா? அதைத்தானே இப்ப யோசிக்கிறே? எனக்குத் தெரியும். குரல் முடிஞ்சதும் ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அது இல்லைன்னா திறக்காத. இது தம்பிக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

"நான் கேக்கலை" என்றான் கொழுந்தன், ஜன்னலைப் பார்த்தபடியே.

"நானும்தான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரையில் மாஸ்டர் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான். கதவைத் திற" என்றார். கை உயர்ந்தது. "சாவியை எங்க வெச்சே?" கை உயர்ந்தது. "டீ போடட்டுமா?" கை உயர்ந்தது. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு." பிறகு, "சரி, தப்பு என் மேலதான்" என்றார். அதை ஒருமுறை தணிவாகவும், ஒருமுறை சலிப்பாகவும், இன்னொரு முறை பல்லைக் கடித்துக்கொண்டும் சொன்னார். சண்டைக்குத் தகுந்த மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற முன்யோசனை.

செக்கரம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை மாதமாக அவர் வந்து கதவைத் தட்டுவார், இவள் உள்ளேயிருந்து "யாரு?" என்பாள். பதில் வராது. வராது என்று தெரிந்தும், கேட்காமல் தாழ்ப்பாளுக்கு அவள் கை போகாது. ஜன்னல் திரையை விலக்கி, அவருடைய சட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் தொடுவாள். சொந்த வீட்டு வாசலில் அந்நியன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அப்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருக்கும். அந்த மனுஷர் குரல் போவதற்கு முந்தின நாள், கிடைத்த கொஞ்ச நேரத்தில், இதையா உட்கார்ந்து யோசித்தார்? டீச்சரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதையும் அவள் கவனிக்கத் தவறவில்லை.

"தம்பி, உன்னை என்னென்னமோ நினைச்சுட்டேன்" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"பரவாயில்ல அண்ணி. வழக்கமா நினைக்கறதுதானே."

முழுவதையும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. "ஒரேயடியா மாத்தாத. ஒரு துண்டை மாத்திக் காட்டு, நான் பார்த்துச் சொல்றேன், அப்புறம் மிச்சத்தைப் பண்ணு" என்று அவள் நின்றுவிட்டாள். அவன் காலர் மைக் வரியை மட்டும் குறித்துக்கொடுத்து ஒரு துண்டை மாற்றினான். அவள் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தலையாட்டினாள். பிறகு மற்றவற்றை மாற்றினான். ஒவ்வொன்றையும் அவளே கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்ததற்கு விட்டாள். தான் கேட்டது மாஸ்டருக்குத் தெரியவே கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஓர்ப்படியிடம் மட்டும் இரண்டு தடவை வாங்கினாள்.

அடுத்த நாள் கொழுந்தன் அண்ணனை மேலே கூப்பிட்டு, துண்டுகளை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தான். முதல் துண்டை அவளுக்குப் போட்டுக் காட்ட மாஸ்டர் கீழே வந்தார். அவள் அப்போதுதான் முதல்முறை கேட்பவள் மாதிரி கேட்டாள். அவ்வளவு நன்றாக நடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், கனைப்பு வருவதற்கு முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பலகையில் ஏதோ எழுதப் போனவர், எழுதாமல் வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிப் போனார்.

அவள் கதவைத் தாழிட்டுவிட்டு அடுக்களைக்குப் போகாமல், கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எழுந்து வாசலுக்கு வந்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை.

"யாரு?"

வெளியே செருப்பு தரையில் உரசியது. பிறகு அந்தக் கரகரத்த குரல், "நான்தான். கதவைத் திற" என்றது. இரண்டு தட்டு விழுந்தது. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு விழுந்தது.

எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. செக்கரம்மா தாழ்ப்பாளில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், கதவில் காதை ஒட்டிக்கொண்டாள்.

"யாரு?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.